பெரிய ஹாலுக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

மே 5, திங்கள்

கத்திரி தொடங்கிவிட்டது. காலையிலேயே காற்று செத்துக் கிடக்கிறது. வார விடுமுறை. ஹாலை டேப் வைத்து அளந்தேன். நீளம் முப்பத்திரண்டு அடி, அகலம் இருபது. உயரம் பன்னிரண்டு. நடுவில் ஃபால்ஸ் சீலிங், கவிழ்த்த வாணலி மாதிரி இன்னும் மேலே குழிந்து போகிறது. தரை முழுக்க வழவழப்பான டைல்ஸ். ஒரு பக்கம் முழுதும் கண்ணாடி. திரை கிடையாது. கை தட்டினால் சத்தம் சுவருக்குச் சுவர் ஓடித் திரும்பி வருகிறது. அம்மா சமையலறையில் கரண்டி போட்டால் இங்கே குண்டு போட்ட மாதிரி.

அளந்ததற்குக் காரணம்: ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருகிறார்கள். அப்பா காலையில் டிவி முன்னால் நின்று சொன்னது:

"டிவிக்கு ரெண்டு பக்கமும் வெறிச்சுனு கெடக்குது. ஆளொசரத்துக்கு ரெண்டு பொட்டி வாங்கி நிறுத்து. முப்பதாயிரத்துக்குள்ள முடி."

"ஆளுயரம் எதுக்கு?"

"வர்றவங்க பாக்க வேண்டாமா?"

ஸ்பீக்கரைப் பார்ப்பதற்காக வாங்கும் மனிதர். இரண்டு போர்வெல் வண்டியையும் விற்று இந்த வீட்டைக் கட்டினார். ஹால் பெரிதாக இருந்தால் மகனுக்குப் பெண் கிடைக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. வீடு முடிந்து இதுவரை நான்கு குடும்பம் வந்து பார்த்தாயிற்று. நான்கும் காபியோடு கிளம்பியவை. எங்கள் பக்கத்தில் வீடு பார்க்க வந்தவர்கள் பிடித்திருந்தால் கை நனைப்பார்கள், அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இலையில் கை வைத்துவிட்டால் சம்மதம். பிறகு பேச்சு மாறாது. பிடிக்கவில்லை என்றால் காபி, "சொல்லி அனுப்பறமுங்க", கார்.

முதல் வீடு போனபோது வருத்தமாக இருந்தது. இரண்டாவதுக்குக் கோபம். அப்புறம் ஒன்றும் இல்லை. வயது முப்பத்திரண்டு.

ஸ்பீக்கருக்குத் தேவையானவை, எனக்காக:
– பேச்சு தெளிவாகக் கேட்க வேண்டும். குத்து இரண்டாம் பட்சம்.
– உட்காரும் இடம் பதினைந்து அடி தள்ளி. குறைந்த கரண்டில் நிறையச் சத்தம் தரும் பெட்டி வேண்டும். மூன்று டெசிபல் குறைந்தால் ஆம்ப்ளிஃபயர் இரண்டு மடங்கு உழைக்கணும்.
– வாட்ஸ் கணக்கு சொல்லும் கடைக்காரனிடம் வாங்கக் கூடாது.
– திரைச்சீலை. இது ஸ்பீக்கரை விட முக்கியம். அப்பாவிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

மே 6, செவ்வாய்

ஆலையில் மிக்ஸர் மோட்டார் மூன்று தரம் டிரிப் ஆகித் தானாக நின்றது. சென்சார் ஒயரை எலி கடித்திருக்கிறது. கோழித்தீவன ஆலையில் எலி இல்லாமல் என்ன இருக்கும். நான்கு வருடம் இன்ஸ்ட்ருமெண்டேஷன் படித்தது எலிக்கு எதிராக.

மதிய இடைவேளையில் ஸ்பீக்கர் பற்றிப் படித்தேன். விமர்சனம் எழுதுகிறவர்கள் எல்லோரும் பத்துக்குப் பத்து அறையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். பெரிய ஹால் வைத்திருப்பவனுக்கு எழுத ஆள் இல்லை.

பெண்ணைப் பற்றி. பெயர் மோகனப்பிரியா (இனி மோ.). திருச்செங்கோட்டுப் பக்கம். ஓசூரில் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை. விடுதியில் இருக்கிறாள். போட்டோவில் சிரிக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

சாயங்காலம் தரகர் போன். அம்மா ஸ்பீக்கர் போனில் பேசினாள், ஹால் முழுக்கக் கேட்டது.

"வேலைய வுட்டுருவாள்ல? அத மொதல்ல தெளிவாச் சொல்லிப்போடுங்க. இத்தாப் பெரிய ஊட்ட வுட்டுப்போட்டு ஓசூர்ல போய் என்ன வேல?"

"அதெல்லாம் அவங்கப்பா பேசிட்டாருங்க. கண்ணாலத்துக்கு முந்தியே வுட்டுருமுங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஆம்ப்ளிஃபயர் விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 7, புதன்

பாதி நாள் லீவு. சேலம். பஸ்ஸில் சீட் இரும்பு சுட்டது. ஐந்து ரோட்டுக்குப் பக்கம் இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

முதல் கடை. நீல விளக்கு எரியும் டவர் ஸ்பீக்கர். விற்கிறவன் என் வயது.

"சார், பன்னெண்டாயிரம் வாட்ஸ் சார். பேஸ் நெஞ்சுல அடிக்கும்."

"பன்னிரண்டாயிரம் வாட்ஸ்னா தெரு டிரான்ஸ்ஃபார்மர் போயிடும். பிளக் அஞ்சு ஆம்ப். எப்படி?"

"அது பீக் சார்."

"எத்தனை நொடிக்கு?"

"சார், நீங்க கேட்டுப் பாருங்க சார்."

பெட்டியின் பக்கவாட்டில் தட்டினேன். பிஸ்கட் டின். யாராவது பேசுகிற மாதிரி ஏதாவது போடச் சொன்னேன். "பேசறதயா? ஸ்பீக்கர் வாங்க வர்றவங்க பாட்டுத்தான் சார் கேப்பாங்க" என்றான். செய்தி வாசிப்பைப் போட்டான். செய்தி வாசிப்பவருக்குச் சளி பிடித்த மாதிரி இருந்தது. வெளியே வந்துவிட்டேன்.

இரண்டாவது கடை. ஏசி இல்லை. ஆறரை அங்குல ஊஃபர் போட்ட ஜோடிப் பெட்டி. தட்டினால் கட்டை மாதிரிச் சத்தம், கனம். மூக்கடைப்பு இல்லை. கூடவே சின்ன ஆம்ப்ளிஃபயர். இரண்டும் சேர்த்து அப்பாவின் எல்லைக்குள். பின்னால் ஓட்டை உள்ள பெட்டி, ஆகவே சுவரை விட்டுத் தள்ளி வைக்க வேண்டும். அதற்குச் சண்டை வரும். வரட்டும்.

அப்பாவுக்குப் போன்.

"எத்தன ஒசரம்?"

"ஒரு முழம்."

"ஒரு மொழமா? அத எவன் பாப்பான்?"

"கேக்கறதுக்குப்பா."

"ஏன்டா, வர்றவங்க காத மட்டுமா கொண்டாருவாங்க? கண்ணையுந்தான் கொண்டாருவாங்க."

வாங்கிவிட்டேன். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து இறக்குவார்கள். திரும்பும் பஸ்ஸில் தூங்கி, இறங்கும் இடம் தாண்டி, பரமத்தி வேலூர் போய்த் திரும்பினேன்.

மே 8, வியாழன்

மோ. போன் செய்தாள். இரண்டாவது முறை. முதல் முறை இரு பக்கமும் பெரியவர்கள் சுற்றி நிற்க நான்கு வார்த்தை. இன்று அவளாகவே.

"ஞாயித்துக்கெழம எங்கப்பா, மாமாவெல்லாம் வாராங்க."

"ஆமாங்க."

"என்ற வேலயப் பத்தி உங்கூட்ல என்ன பேசிக்கிட்டாங்க?"

"பெரியவங்க பேசிக்கிட்டாங்க போல."

"நீங்க என்ன நெனைக்கறீங்க?"

"எனக்கு எதுன்னாலும் சரிங்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"சரிங்க" என்று வைத்துவிட்டாள்.

உண்மையைத்தான் சொன்னேன். எனக்கு எதுவென்றாலும் சரிதான். இருக்கட்டும், போகட்டும்.

திரைத் துணி எடுத்தேன். தடித்தது, பழுப்பு. தையல்காரர் சனிக்கிழமை என்றார், வெள்ளி சாயங்காலம் என்று அழுத்திச் சொல்லிவிட்டு வந்தேன்.

மே 9, வெள்ளி

வெயில் அப்படியே. பெட்டி வந்தது. ஸ்டாண்ட் வரவில்லை. காம்பவுண்டு கட்டி மீந்த சாலிட் பிளாக் கற்களை அடுக்கி அதன்மேல் வைத்தேன். அம்மா பார்த்துவிட்டு, "ஊடு பாக்க வர்றவங்க கல்லையா பாப்பாங்க?" என்று இரண்டுக்கும் மேஜை விரிப்பு போர்த்திவிட்டாள். பூப்போட்டது.

சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து வைத்தேன். அப்பா பின்னால் தள்ளினார். இழுத்தேன். தண்ணீர் குடிக்கப் போய் வந்தால் மறுபடி சுவரோடு. நாலாம் தடவை அவருக்கு மூச்சு வாங்கியது, விட்டுவிட்டார்.

முதல் ஒலி: மோசம். பேச்சு கூழ். ஒரு சொல் முடிவதற்குள் முந்தின சொல் சீலிங்கில் இடித்துத் திரும்பி வருகிறது. ஆறு மணிக்குத் திரை வந்தது, கண்ணாடி முழுக்க மாட்டினேன். பரணில் சுருட்டிக் கிடந்த பெரிய பவானி ஜமுக்காளத்தை நடுவில் விரித்தேன். இப்போது பேசுவது மனிதன் என்று தெரிகிறது. பாட்டில் தபலா தனியாக, குரல் தனியாக நிற்கிறது.

"பரவால்ல, சின்னப் பொட்டிக்கு நல்லாத்தான் கத்துது" என்றார் அப்பா.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். வேலை முடிந்த மாதிரி இருந்தது.

ஒரு விசித்திரம். வலது ஸ்பீக்கர் பின்னால் குனிந்து ஒயர் முறுக்கிக்கொண்டிருந்தேன். அப்பா எதிர்க் கோடியில், பூஜை அறைக் கதவோரம், போனில் முனகிக்கொண்டிருந்தார். என் காதுக்குள் பேசுகிற மாதிரி விழுந்தது. இரண்டடி நகர்ந்தேன், ஒன்றுமில்லை. திரும்ப வந்தேன், கேட்டது. சீலிங்கின் குழிவு வேலை. அந்த மூலையில் பேசுவதைத் திரட்டி இந்த மூலையில் கொட்டுகிறது. ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து அப்பா வளைக்கச் சொன்ன சீலிங்.

அவர் பேசியது: "பையன் தங்கமானவனுங்க. பேச்சுத்தான் சித்தெ கம்மி. கண்ணாலமானா சரியாயிருமுங்க."

ஒயரை முறுக்கி முடித்தேன்.

மே 10, சனி

ஓவர்டைம். அம்மா பட்டியல்: வாழையிலை, பால், முருங்கைக்காய், சேமியா, நல்ல அப்பளம். நான் வாங்க மறந்தது: அப்பளம். திட்டு. மறுபடி கடை.

சித்தப்பா வந்து சோபாவை எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு மணி நேரம்.

மே 11, ஞாயிறு

வளர்பிறை. ஆலைக்கு லீவு போட்டிருந்தேன். அம்மா விடியும் முன் குளித்துவிட்டாள்.

ஏழு பேர் வந்தார்கள், இரண்டு கார். மோ. வரவில்லை, வழக்கமும் இல்லை. அவள் அப்பா வெள்ளைச் சட்டை, அதிகம் பேசாதவர். அவள் தாய்மாமன் வாயாடி. மீதி ஐந்து பேரும் பெண்கள், நேராக மாடி பார்க்கப் போய்விட்டார்கள். தாய்மாமன் ஹாலைச் சுற்றி வந்து ஸ்பீக்கர் முன்னால் நின்றார்.

"ஏனுங் மாப்ள, புறாக்கூடு ரெண்டு வெச்சிருக்கீங்க. புறா எங்க போச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பா என்னைப் பார்த்த பார்வை: பார்த்தாயா.

"ஸ்பீக்கருங்க."

"அட, பாவாட கட்டி உட்டுருக்கீங்க, எனக்கெங்க தெரியுது."

போடச் சொன்னார்கள், போட்டேன். பாட்டுக்கு மேல் பேசினார்கள். கிணறு, தென்னை, வண்டி விற்ற கதை. காபி வந்தது. காபி முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவள் அப்பா மெதுவாக, "எலையப் போடச் சொல்லுங்க" என்றார்.

அம்மா சமையலறைக்கு ஓடினாள். உண்மையிலேயே ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, முட்டி வலி.

நான் ஆம்ப்ளிஃபயரை அணைக்க வலது ஸ்பீக்கர் பக்கம் போனேன். அவள் அப்பாவும் தாய்மாமனும் பூஜை அறைக் கதவோரம் ஒதுங்கினார்கள். பாட்டு நின்றது. காதுக்குள் விழுந்தது.

தாய்மாமன்: "மச்சா, சித்தெ யோசன பண்ணிக்குங்க. புள்ள ராத்திரி பூராப் போன்ல அழுவுது. வேலய வுட மாட்டேன்ங்குது."

அவள் அப்பா: "கை நனைச்சுப்போட்டா அடங்கீரும். அப்பறம் அழுது என்ன பண்ணப் போறா?"

"பையங்கிட்டக் கூடக் கேட்டுப் பாத்தாளாமா. அவன் பிடிகுடுத்துப் பேசலையாமா."

"ஆம்பளப் பையன் வேறெப்படிப் பேசுவான்? வா."

நகரலாம் என்று நினைத்தேன். நகரவில்லை. சாப்பாட்டுப் பக்கம் இலை போட்டாயிற்று. அவள் அப்பாதான் முதலில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். அம்மா சேமியாப் பாயசம் ஒரு கரண்டி வைத்தாள். கை இலைக்குப் போனது.

"சாப்பிடாதீங்க" என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஹால் எடுத்துக்கொண்டு போய் எல்லாரிடமும் கொடுத்தது.

அப்பா: "டேய்."

அவள் அப்பா நிமிர்ந்து பார்த்தார். "என்ன சாமி சொன்ன?"

"இது வேண்டாமுங்க. சாப்பிட வேண்டாம்."

கரண்டி அம்மா கையிலேயே. அவள் அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டார், பிறகு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது தாய்மாமன் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. என்ன இருந்தது என்று தெரியவில்லை.

கார் போனது.

அம்மா: "என்னடா இது? என்ன கேடு உனக்கு?"

"அந்தப் பொண்ணுக்கு இஷ்டமில்லைம்மா."

"உன்கிட்ட வந்து சொன்னாளா?"

"இல்ல."

"பொறவு?"

"காதுல விழுந்துச்சு."

அப்பா இலை முன்னாலேயே, அவள் அப்பா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தார். இலையைப் பார்த்துக்கொண்டே:

"நாலு ஊடு காப்பியக் குடிச்சுப்போட்டுப் போச்சு. இவர் ஒருத்தர்தான் எலைல ஒக்காந்தாரு. அவர எந்திரிக்க வெச்சுட்ட."

சோறு, குழம்பு, பாயசம் எல்லாம் பக்கத்துக் கோழிப்பண்ணை ஆட்களுக்குப் போனது. பாத்திரத்தை நான்தான் தூக்கிப் போனேன். "என்னுங்க விசேசம்?" என்று கேட்டார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

மே 12, திங்கள்

விடுமுறை. வெளியே போகவில்லை. தரகர் போன், என் எண்ணுக்கே.

"தம்பி, உன்ற ஊட்டுக்கு இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் ஆளக் கூட்டியாரது? சோத்து முன்னாடி ஒக்காந்தவன எந்திரினு சொல்ற பழக்கம் எந்த ஊர்ல இருக்குது?"

"எந்த ஊர்லயும் இல்லீங்க."

வைத்துவிட்டார்.

சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப்பில் கூப்பிய கை படம் போட்டிருக்கிறார், எதற்கென்று தெரியவில்லை. அம்மா சாப்பாடு வைக்கிறாள், பேசுவதில்லை. அப்பா பேசுகிறார், என்னிடம் இல்லை, டிவியிடம்.

செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது. அழுகிறவளைக் கட்டிக்கொண்டு வந்து முப்பத்திரண்டு அடி ஹாலில் உட்கார வைப்பதா. மோட்டாருக்கு ஓவர்லோடு ஆனால் கரண்டை அறுத்து டிரிப் ஆக வேண்டும். அதுதான் ரிலேயின் வேலை.

மே 13, செவ்வாய்

சாயங்காலம் தூறல். மண் வாசனை வருவதற்குள் நின்றுவிட்டது.

ஸ்டாண்ட் வந்தது. பிளாக்கை எடுத்துவிட்டு மாட்டினேன். உயரம் இப்போது காது மட்டத்தில். இடதை அரை அடி உள்ளே திருப்பினேன். இதுதான் சரியான இடம். இந்தக் காசுக்கு, இந்த ஹாலுக்கு, இதைவிட நன்றாக வராது. வீணையில் விரல் தந்தியில் உரசுவது கூடக் கேட்கிறது.

ஒரு பாட்டு முழுக்கக் கேட்டேன். இரண்டாவது போடவில்லை.

அப்பா சோபாவில் வந்து உட்கார்ந்தார். "திருப்பிக் குடுத்தா எடுத்துக்குவானா?"

"மாட்டான். பெட்டி பிரிச்சாச்சு."

"ம்."

அப்புறம் செய்தி போடச் சொன்னார். சேர்ந்து பார்த்தோம். மழை நிலவரம் வந்தபோது, "அந்தப் புள்ளயோட அப்பனும் போர்வெல் வண்டில இருந்தவராமா" என்றார்.

மே 14, புதன்

மேகமூட்டம். ஆலை. மதியம் பேனல் ரூமில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கப் போகும்போது போன். மோ. அவள் பக்கம் பின்னால் தகடு வெட்டும் பிரஸ் அடிக்கும் சத்தம், சீரான இடைவெளியில்.

"மோகனப்பிரியா பேசறனுங்க. பேசலாமுங்களா?"

"சொல்லுங்க."

"எலைல ஒக்காந்தவர எந்திரிக்கச் சொன்னீங்களாமா?"

"ஆமாங்க."

"எதுக்குங்க?"

"நீங்க அழுதீங்கன்னு உங்கப்பாவும் மாமாவும் பேசிக்கிட்டாங்க. காதுல விழுந்துச்சு."

பிரஸ் சத்தம் குறைந்தது, தள்ளிப் போயிருப்பாள். பிறகு:

"அழுதனுங்க. வேலைய வுடச் சொன்னாங்கன்னு அழுதேன். உங்களக் கட்டிக்கச் சொன்னாங்கன்னு அழுவல."

டப்பாவை மேஜையில் வைத்தேன்.

"அங்கயே, 'புள்ள வேலைக்குப் போகட்டும், எங்களுக்கு ஒண்ணுமில்ல'ன்னு சொல்லியிருந்தா முடிஞ்சிருக்குமுங்க. வாயத் தொறக்கறதுன்னு ஆச்சு, அதச் சொல்லியிருக்கலாமில்லீங்க? சாப்பாட்ட எதுக்கு நிறுத்துனீங்க?"

"தோணலைங்க."

"தோணல" என்றாள். கேள்வி மாதிரி இல்லை, குறித்துக்கொள்கிற மாதிரி.

"இப்பச் சொல்றேங்க. நீங்க வேலைக்குப் போங்க. நான் வேணும்னா ஓசூருக்கே வந்துடறேன். அங்கயும் ஆலை இருக்குது. எங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்."

ஒரே மூச்சில் வந்தது. நான்தான் பேசினேனா என்று இருந்தது.

"இப்ப எங்கப்பா உங்கூட்டுத் தண்ணி கூடக் குடிக்க மாட்டாருங்க."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேன்" என்று அவர்களிடம் சொன்னாள். என்னிடம், "வெக்கறனுங்க."

வைத்துவிட்டாள்.

டப்பாவைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம். மூடிவிட்டேன்.